புதிய உயர்ரக மதர்போர்டு வாங்கக் காத்திருக்கிறீர்களா? அறிவிப்பிலிருந்து முதல் பூட் வரை ஒரு வழிகாட்டி

ஒரு புதிய உயர்ரக மதர்போர்டு வரப்போகிறது என்றால் முதலில் வெளியாவது படங்கள்தான்: வெப்பத்தை வெளியேற்றும் கறுப்பு ஹீட்சிங்க், ஒளிரும் சின்னம், ஓரத்தில் ஒரு சின்னத் திரை. அடுத்து அம்சப் பட்டியல் வரும்: பிராசசருக்கு மின்சாரம் தரும் பவர் ஸ்டேஜ் இத்தனை, எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட் இத்தனை, அதிவேக யூஎஸ்பி4 இரண்டு. இவற்றை மட்டும் வைத்து அந்தப் போர்டு உங்களுக்கு ஒத்துவருமா என்று சொல்லவே முடியாது. அதைச் சொல்லும் ஆவணம் கடைசியாகத்தான் வருகிறது. அதுதான் பயனர் கையேடு. பிராசசரிலிருந்து கிளம்பி, கார்டுகளுக்கும் எஸ்எஸ்டிகளுக்கும் தரவைக் கொண்டுபோகும் பிசிஐஇ பாதைகள் எந்த ஸ்லாட்டுக்குப் போகின்றன, எதைப் பயன்படுத்தினால் எது அணைந்துபோகும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். காத்திருக்கும் நாட்களை அதைப் படிக்கவும், கையில் உள்ள மற்ற உதிரிகளை அளந்து பார்க்கவும் செலவிடுங்கள்.

படி 1: எந்த வகை உயர்ரகம்?

உயர்ரகம் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு வகைப் போர்டுகள் விற்கின்றன.

முதல் வகை, எல்லாவற்றையும் ஒரே பலகையில் அடைத்த முதன்மை மாடல். எம்எஸ்ஐயின் காட்லைக், அசூஸின் மேக்சிமஸ் எக்ஸ்ட்ரீம், கிகாபைட்டின் ஆரஸ் எக்ஸ்ட்ரீம் இந்த வகை. வேகமான நெட்வொர்க், நிறைய எம்.2, பின்பக்கம் நிறைய யூஎஸ்பி என்று எல்லாம் இருக்கும். இரண்டாவது வகை பிராசசரையும் ரேமையும் நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டும், அதாவது ஓவர்கிளாக் செய்பவர்களுக்கானது: அசூஸ் ஏபெக்ஸ், கிகாபைட் டாக்கியான், ஏஎஸ்ராக் ஓசி ஃபார்முலா. இவற்றில் ரேம் ஸ்லாட் இரண்டுதான் இருக்கும், அது குறையல்ல. ஏன் என்று ரேம் பகுதியில் சொல்கிறோம். மூன்றாவது பணிநிலையப் போர்டுகள். ஏஎம்டியின் பணிநிலையப் பிராசசரான திரெட்ரிப்பருக்கான டிஆர்எக்ஸ்50, டபிள்யூஆர்எக்ஸ்90 சிப்செட் போர்டுகள் இதில் அடங்கும். இவை ஆர்டிம் எனப்படும் ரெஜிஸ்டர்டு ரேமை மட்டுமே ஏற்கும். சாதாரண டிடிஆர்5 ரேமை வாங்கி வைத்துவிட்டு, ஸ்லாட்டில் பள்ளம் பொருந்தவில்லை என்று முழிப்பவர்கள் நிறையப் பேர்.

கேம் விளையாட மட்டும் என்றால் ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம்: ஒரே பிராசசர், ஒரே ரேம், ஒரே அமைப்புகள் என்றால் நல்ல நடுத்தர போர்டுக்கும் முதன்மை மாடலுக்கும் ஃபிரேம் எண்ணிக்கையில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருக்காது. இணைப்புகள், ரேம் எட்டும் வேகம், கோளாறு கண்டறியும் வசதி ஆகியவற்றுக்காகத்தான் இந்தப் போர்டுகளுக்குக் கூடுதல் பணம் போகிறது. அவற்றில் எதுவும் உங்களுக்கு வேண்டாம் என்றால் இங்கேயே நின்று, அந்தப் பணத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

படி 2: சாக்கெட்டும் சிப்செட்டும்

புதிய போர்டு புதிய சாக்கெட்டோடு (பிராசசர் அமரும் இடம்) வருகிறதா, பழைய சாக்கெட்டுக்குப் புதிய சிப்செட்டா (யூஎஸ்பி, சாட்டா போன்ற இணைப்புகளைக் கவனிக்கும் துணைச் சில்லு) என்று பாருங்கள். ஏஎம்5 சாக்கெட் 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசையோடு வந்தது. 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இன்டெல்லின் எல்ஜிஏ 1851 சாக்கெட், இசட்890 சிப்செட்டுடன் 2024 அக்டோபரில் வந்தது.

சிப்செட் பெயரில் எண் மாறியது என்பதற்காக உள்ளே எல்லாம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஏஎம்5-க்கான எக்ஸ்670இ, எக்ஸ்870இ இரண்டிலும் இருப்பது அதே புரொமான்டரி 21 சில்லுகள் இரண்டு. எக்ஸ்870இ போர்டுகளில் யூஎஸ்பி4 கட்டாயம் ஆக்கப்பட்டது என்பதே முக்கிய மாற்றம். ஏற்கெனவே நல்ல எக்ஸ்670இ போர்டு வைத்திருப்பவர், யூஎஸ்பி4 தேவைப்படாவிட்டால், மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

படி 3: பாதைக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பிராசசரிலிருந்து வெளியே வரும் பிசிஐஇ பாதைகளின் எண்ணிக்கை நிலையானது. எவ்வளவு விலை கொடுத்தாலும் போர்டால் அதைக் கூட்ட முடியாது. பங்கிட்டுத்தான் தர முடியும். ரைசன் 7000, 9000 டெஸ்க்டாப் பிராசசர்களில் 28 பாதைகள். அதில் 4 சிப்செட்டுக்குப் போய்விடும். மிச்சம் 24: கிராபிக்ஸ் கார்டுக்கு 16, முதல் எம்.2 ஸ்லாட்டுக்கு 4, இன்னொரு 4 போர்டு தயாரிப்பாளரின் விருப்பம். எக்ஸ்870இ போர்டுகளில் பெரும்பாலும் அந்தக் கடைசி 4 பாதைகள் யூஎஸ்பி4 சில்லுக்குப் போகின்றன. இன்டெல் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசையில் 5.0 தலைமுறைப் பாதைகள் 20, 4.0 பாதைகள் 4. சிப்செட்டுக்கு டிஎம்ஐ என்ற தனி இணைப்பு உண்டு.

இப்போது பெட்டியில் "ஐந்து எம்.2" என்று அச்சிட்டிருந்தால், பிராசசரின் தனிப் பாதைகளைப் பெற்றவை போக மற்றவை எங்கிருந்து வருகின்றன? இரண்டே வழிதான். ஒன்று, சிப்செட்டிலிருந்து. அல்லது கிராபிக்ஸ் கார்டின் 16 பாதைகளில் 8-ஐப் பிடுங்கி.

சிப்செட்டிலிருந்து வருபவை எல்லாம் பிராசசரை அடைய ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. நாலு தெரு வண்டியும் ஒரே பாலத்தைக் கடப்பது மாதிரி. ஏஎம்5-இல் அந்தப் பாலம் 4.0 தலைமுறையின் 4 பாதைகள், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 7.9 ஜிபி. ஒரே ஒரு வேகமான 4.0 எஸ்எஸ்டி தனியாகவே அதை நிரப்பிவிடும். இசட்890-இல் 8 பாதைகள், வினாடிக்கு ஏறத்தாழ 15.8 ஜிபி. இரண்டு எஸ்எஸ்டிகளுக்கு நடுவே பெரிய வீடியோ கோப்புகளை நகலெடுத்துக்கொண்டே இருப்பவருக்கு இது தெரியும். கேம்களைச் சேமித்து வைப்பவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் வேலை எது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழியில் கொஞ்சம் கவனம் வேண்டும். கிராபிக்ஸ் ஸ்லாட்டோடு பாதையைப் பகிரும் எம்.2 ஸ்லாட்டில் ஒரு எஸ்எஸ்டியைச் செருகினால், கார்டு 16-லிருந்து 8 பாதைக்கு இறங்கும். கார்டும் ஸ்லாட்டும் 5.0 தலைமுறை என்றால், அந்த 8 பாதையே பழைய 4.0 தலைமுறையின் 16 பாதைக்குச் சமம். கேம்களில் இழப்பு பெரும்பாலும் சில விழுக்காட்டைத் தாண்டாது. 4.0 கார்டு வைத்திருப்பவருக்கு உண்மையிலேயே பாதி அலைவரிசை போகும். மோசமானது என்னவென்றால், எந்த எச்சரிக்கையும் வராது. எல்லாம் வேலை செய்யும், கொஞ்சம் மெதுவாக.

ஆகவே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீங்கள் செருகப்போகும் பொருட்களை எழுதுங்கள்: கிராபிக்ஸ் கார்டு, ஒவ்வொரு எஸ்எஸ்டி, கேப்ச்சர் கார்டு, சாட்டா ஹார்டு டிஸ்க். வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஸ்லாட்டின் பெயரையும், அது பிராசசரிலிருந்து வருகிறதா சிப்செட்டிலிருந்தா என்பதையும், கையேட்டின் அடிக்குறிப்பில் உள்ள நிபந்தனையையும் எழுதுங்கள். சில நிறுவனங்களின் கையேட்டில் கட்டப் படமே இருக்கும். மற்றவற்றில் ஸ்லாட் அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் "இந்த ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் அது செயலிழக்கும்" என்று வரிசையாக வரும். அந்தப் பொடி எழுத்தில் இருப்பதுதான் போர்டின் உண்மையான வடிவமைப்பு. புதிய மாடலின் கையேடு இன்னும் வரவில்லை என்றால், அதே வரிசையின் முந்தைய மாடல் கையேட்டில் பழகிக்கொள்ளுங்கள். புதியது வந்ததும் பத்தே நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம்.

சாட்டா போர்ட் எண்ணிக்கையையும் இப்போதே பார்த்துவிடுங்கள். உயர்ரகப் போர்டுகளில் அது குறைந்துகொண்டே வருகிறது. ஆறு ஹார்டு டிஸ்க் வைத்திருப்பவருக்கு நாலு போர்ட் போதாது.

படி 4: விஆர்எம் எண்களைப் படிப்பது

கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை, பிராசசருக்கு வேண்டிய ஒரு வோல்ட் சொச்சமாக இறக்கிக் கொடுப்பது விஆர்எம். "18+2+2, ஒவ்வொன்றும் 110 ஆம்பியர்" என்று அச்சிட்டிருப்பார்கள். முதல் எண் பிராசசர் கோர்களுக்கானது. மற்றவை எஸ்ஓசி (பிராசசருக்குள் ரேம் கட்டுப்பாட்டகம் இருக்கும் பகுதி), உள்ளமைந்த கிராபிக்ஸ் போன்றவற்றுக்கு.

கணக்கு எளிது. ஏஎம்5-இன் 170 வாட் டிடிபி (குறிப்பிடப்பட்ட வெப்ப அளவு) பிராசசர்களின் இயல்பான மின் வரம்பு 230 வாட். 1.2 வோல்ட்டில் அது ஏறத்தாழ 190 ஆம்பியர். 16 ஸ்டேஜ்கள் மட்டுமே பகிர்ந்துகொண்டாலும் ஒன்றுக்கு 12 ஆம்பியர்தான். 110 ஆம்பியர் தாங்கும் சில்லு 12 ஆம்பியரில் சோம்பலாக ஓடுகிறது. திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர்வித்து ஓவர்கிளாக் செய்பவரைத் தவிர வேறு யாருக்கும் 18-க்கும் 24-க்கும் இடையே நடைமுறை வித்தியாசம் கிடையாது. பெரிய எண் பெரிதாக அச்சிடப்படுவதால் அதற்கு மதிப்பு கூடிவிடாது.

வெப்பம்தான் பார்க்க வேண்டியது. லிக்விட் கூலர் போடும்போது சாக்கெட்டைச் சுற்றி அடிக்கும் காற்று நின்றுவிடுகிறது. ஏர்கூலர் இருந்தால் அதன் விசிறிக் காற்று விஆர்எம் மேலும் படும். ஆகவே லிக்விட் கூலர் திட்டம் இருந்தால் ஹீட்சிங்க் உண்மையான அலுமினியத் துடுப்புகள் கொண்டதா, வெறும் அலங்கார மூடியா என்று பாருங்கள். முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டி விஆர்எம் வெப்பத்தை அளந்து காட்டும் விமர்சனம் ஒன்றாவது வரும்வரை பொறுங்கள். 90 டிகிரிக்குக் கீழே நின்றால் கவலையே வேண்டாம்.

படி 5: ரேம்

டிடிஆர்5-இல் நான்கு ஸ்லாட்டையும் நிரப்புவது வேகத்தைக் கொல்லும். ரைசன் 9000-க்கு ஏஎம்டி தரும் அதிகாரப்பூர்வ எண்களே சொல்கின்றன: இரண்டு ரேமுக்கு 5600, நான்குக்கு 3600. காரணம் மின்சார ரீதியானது. ஒரே சேனலில் (பிராசசரிலிருந்து ரேமுக்குப் போகும் தடத் தொகுதி) இரண்டு ரேம் தொங்கும்போது சிக்னல் கிளை பிரிந்து எதிரொலிக்கிறது. வேகம் கூடக்கூட அந்த எதிரொலி தாங்க முடியாததாகிறது. ஸ்லாட் காலியாக இருந்தாலும் அதற்கான தடம் பலகையில் இருக்கிறதே, அதுவும் கொஞ்சம் கெடுக்கும். ஓவர்கிளாக் போர்டுகள் இரண்டு ஸ்லாட்டோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

எனவே எவ்வளவு ரேம் வேண்டுமோ அதை இரண்டே துண்டில், ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். இப்போது 32 ஜிபி, பிறகு அதே மாதிரி இன்னொரு ஜோடி என்ற திட்டம் டிடிஆர்3 காலத்தில் நடந்தது. இப்போது அதே பெயரில் அடுத்த மாதம் வாங்கும் ஜோடியில் வேறு நிறுவனத்தின் நினைவகச் சில்லு இருக்கலாம்; நான்கும் சேர்ந்து பூட் ஆகாமலே போகலாம்.

ஏஎம்5-க்கு 6000 வேகமும், அந்த வேகத்துக்கான அமைப்புகளை ரேமிலேயே சேமித்துத் தரும் எக்ஸ்போ ப்ரொஃபைலும் கொண்ட ஜோடி தொல்லையில்லாத தேர்வு. அதற்கு மேல் போகப்போக உழைப்பு கூடும், பலன் குறையும். போர்டின் இணையப் பக்கத்தில் சோதித்த ரேம்களின் பட்டியல் இருக்கும். உங்கள் ரேமின் முழு மாடல் எண்ணை, கடைசி எழுத்து வரை, அதில் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் ஓடாது என்று அர்த்தமில்லை. இருந்தால் ஒரு தலைவலி குறைவு. ஆனால் அந்தப் பட்டியலில் "எத்தனை துண்டு" என்ற நிரலைப் பார்க்காமல் விடாதீர்கள். 8000 வேகம் ஒரு துண்டுக்கு மட்டும் சரிபார்க்கப்பட்டதாக இருக்கும் வரிகள் உண்டு.

படி 6: கேபினெட், எஸ்எம்பிஎஸ், கூலர்

சாதாரண ஏடிஎக்ஸ் அளவு 305 × 244 மில்லிமீட்டர். முதன்மை மாடல்கள் பலவும் இ-ஏடிஎக்ஸ். அந்தப் பெயரின் மூல அளவு 305 × 330. ஆனால் நடைமுறையில் 277 அகலமுள்ள போர்டையும் இ-ஏடிஎக்ஸ் என்றே விற்கிறார்கள். கேபினெட் பெட்டியில் "இ-ஏடிஎக்ஸ் ஆதரவு" என்று இருப்பதை நம்பாமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். அகலமான போர்டு, கேபிள் நுழையும் ரப்பர் துளைகளை மூடிவிடும். பிறகு போர்டுக்கான 24-பின் மின் கேபிளை மடக்கித் திணிக்க வேண்டி வரும்.

கேபிள்கள் பலகையின் பின்புறம் மாட்டப்படும் போர்டுகள், அசூஸ் பிடிஎஃப், எம்எஸ்ஐ ப்ராஜெக்ட் ஜீரோ போன்றவை, அதற்கான துளை வெட்டிய கேபினெட்டில் மட்டுமே அமரும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கான 8-பின் மின் இணைப்பு இரண்டு இருந்தாலும், ஓவர்கிளாக் செய்யாதவருக்கு ஒன்றே போதும். ஒரு 8-பின் 300 வாட்டுக்கு மேல் தாங்கும். எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு கேபிள் இருந்தால் இரண்டையும் மாட்டிவிடுங்கள், அவ்வளவுதான். முன்பக்க யூஎஸ்பி-சி வழியாக 60 வாட் சார்ஜிங் தரும் போர்டுகள் சிலவற்றில் கூடுதலாக ஒரு பிசிஐஇ மின் இணைப்பு இருக்கும். அதை மாட்டாவிட்டாலும் போர்டு ஓடும், சார்ஜிங் மட்டும் மெதுவாகும்.

விஆர்எம் ஹீட்சிங்க்கின் உயரத்தை, கேபினெட்டின் மேல் பகுதியில் ரேடியேட்டரும் விசிறியும் தொங்கும் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். மூன்றரை ஸ்லாட் தடிமன் கொண்ட கிராபிக்ஸ் கார்டு கீழே எந்த ஸ்லாட்டை மறைக்கும் என்றும் போர்டின் நேர்மேல் படத்தை வைத்து எண்ணுங்கள். காகிதத்தில் இரண்டு கூடுதல் ஸ்லாட் இருக்கும்; கார்டைச் செருகியதும் இரண்டும் காணாமல் போகும்.

படி 7: எப்போது வாங்குவது

முதல் நாளிலேயே வேண்டாம். இதை அழுத்திச் சொல்லக் காரணங்கள் இருக்கின்றன.

2011 ஜனவரியில் வந்த இன்டெல் 6 வரிசை சிப்செட்டில், சாட்டா 3 ஜிகாபிட் போர்ட்கள் நாளடைவில் பழுதாகும் என்று அதே மாதம் 31-ஆம் தேதி இன்டெல்லே அறிவித்து விநியோகத்தை நிறுத்தியது. வாங்கியவர்கள் போர்டையே மாற்ற வேண்டியிருந்தது. 2020-இல் இசட்490 போர்டுகளோடு பரவிய ஐ225-வி நெட்வொர்க் சில்லின் முதல் பதிப்பு, சில ரவுட்டர்களோடு 2.5 ஜிகாபிட்டில் வேகத்தை இழந்தது. தீர்வு புதிய வன்பொருள் பதிப்புதான். 2021 இறுதியில் ஓர் உயர்ரகப் போர்டின் ஒரு தொகுதியில் மின்தேக்கி ஒன்று தலைகீழாகப் பொருத்தப்பட்டு, ரேம் அருகே எரிந்தது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டிலேயே கருகின. அதன் பிறகு ஏஎம்டி எஸ்ஓசி மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்தது, அந்த வரம்பு பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் வழியாகவே வந்தது.

நான்கும் போர்டு கடைக்கு வந்த பிறகே தெரியவந்தவை. விமர்சகர்கள் ஒரு வாரத்தில் கண்டுபிடிக்கக்கூடியவை அல்ல. பொறுமைக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்றால் இதை வையுங்கள்: போர்டின் ஆதரவுப் பக்கத்தில், பீட்டா என்ற சொல் இல்லாத பயாஸ் குறைந்தது இரண்டு வந்திருக்க வேண்டும். அந்த பயாஸ்களின் மாற்றக் குறிப்புகளையும் படியுங்கள். "ரேம் இணக்கம் மேம்பட்டது" என்று மூன்று முறை தொடர்ந்து வந்தால், ரேம் இன்னும் தகராறு செய்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

அதற்காகக் கடைசிவரை காத்திருக்கவும் வேண்டாம். முதன்மை மாடல்கள் குறைந்த எண்ணிக்கையிலேயே தயாராகின்றன. ஒரு கட்டத்துக்குப் பிறகு கிடைக்காது.

படி 8: பெட்டியைத் திறந்ததும்

சாக்கெட்டில்தான் முதல் பார்வை. ஏஎம்5, இன்டெல்லின் எல்ஜிஏ 1851 இரண்டிலும் பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, ஏஎம்5-இல் 1718. சாக்கெட்டின் உலோகச் சட்டத்தைத் தூக்கி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, எல்லாப் பக்கமிருந்தும் பாருங்கள். நேரான பின்கள் ஒரே சீராக மினுங்கும். வளைந்த ஒன்று இருந்தால் அந்த இடத்தில் மினுமினுப்பு உடைந்து தெரியும். கைபேசியில் நெருக்கமாகப் படம் எடுத்து வையுங்கள், தேதியோடு. பிராசசரைப் பொருத்திய பிறகு "பின் வளைந்திருந்தது" என்று சொன்னால் எந்த நிறுவனமும் ஏற்காது.

சாக்கெட்டின் மேல் உள்ள பிளாஸ்டிக் மூடியை விரலால் பிடுங்காதீர்கள். பிராசசரை வைத்து, சட்டத்தை மூடி, நெம்புகோலை அழுத்தும்போது அது தானே துள்ளி வெளியே வரும். நெம்புகோல் நல்ல பலத்தோடு எதிர்க்கும், லேசாகக் கரகரக்கும். அது இயல்புதான். அந்த மூடியைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்: உத்தரவாதத்துக்குப் போர்டை அனுப்பும்போது அது இல்லாமல் பல நிறுவனங்கள் வாங்குவதில்லை.

அடுத்து, பிராசசரைத் தொடுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுவது நல்லது. உயர்ரகப் போர்டுகளில் பிராசசரும் ரேமும் இல்லாமலே இதைச் செய்ய ஒரு பொத்தான் உண்டு. 24-பின், 8-பின் இரண்டையும் மாட்டுங்கள். பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மட் செய்யுங்கள். கோப்பின் பெயரைக் கையேடு சொல்லும் பெயருக்கு அப்படியே மாற்றுங்கள். அசூஸ் இதற்கென்று பயாஸ்ரீநேமர் என்ற சிறு செயலியைக் கோப்போடு தருகிறது. பின்பக்கம் குறியிடப்பட்ட அந்த ஒரு யூஎஸ்பி போர்ட்டில் மட்டும் செருகிப் பொத்தானை அழுத்துங்கள். விளக்கு மின்னத் தொடங்கி சில நிமிடங்களில் தானே அணையும். மின்னுவது சில வினாடிகளிலேயே நின்று ஒரே சீராக எரிந்தால், கோப்புப் பெயரோ ஃபார்மட்டோ தவறு. மின்னிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது.

படி 9: மேசையில் முதல் பூட்

கேபினெட்டுக்குள் எல்லாவற்றையும் திருகி முடித்த பிறகு ஓடவில்லை என்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஆகவே போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து ஓட்டிப் பாருங்கள். போர்டு சுற்றி வந்த நிலைமின் எதிர்ப்புப் பையின் மேல் வைக்க வேண்டாம். அதன் வெளிப்புறம் மின்சாரம் கடத்தக்கூடும்.

குறைந்தபட்சப் பொருட்கள் போதும்: பிராசசர், கூலர், ஒரே ஒரு ரேம், மானிட்டர். ரேமை பிராசசரிலிருந்து எண்ணினால் நான்காவது அல்லது இரண்டாவது ஸ்லாட்டில் செருகுங்கள். எது என்று கையேடு சொல்லும், பெரும்பாலும் ஏ2. ஜோடியாகப் போடும்போது ஏ2, பி2. உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத பிராசசர் என்றால் கார்டும் வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் திரை கறுப்பாகவே இருக்கும். இங்கேதான் புதியவர்கள் பதறிப்போய் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். டிடிஆர்5 முதல் முறை ஓடும்போது ஒவ்வொரு தடத்தின் நேரத்தையும் அளந்து சரிசெய்துகொள்கிறது. பெரிய ரேம் என்றால் பல நிமிடங்கள் ஆகலாம், நடுவில் தானே அணைந்து மீண்டும் தொடங்கலாம். போர்டு ஓரத்தில் உள்ள ஈரிலக்கக் காட்டியில் எண்கள் மாறிக்கொண்டிருக்கும்வரை விட்டுவிடுங்கள். பதினைந்து நிமிடம் ஒரே எண்ணில் நின்றால்தான் கோளாறு.

நிற்கும் எண்ணுக்கு அர்த்தம் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். பல போர்டுகளில் 55 என்றால் ரேம் தெரியவில்லை: கழற்றி, இரண்டு முனையும் சொடுக்கென்று பிடிக்கும்வரை அழுத்திச் செருகுங்கள், அடுத்து வேறு ஸ்லாட், அடுத்து வேறு ரேம். டி6 என்றால் திரைக்கான சாதனம் கிடைக்கவில்லை: கார்டு சரியாக அமரவில்லை, அல்லது அதன் மின் கேபிள் மாட்டவில்லை. 00-இலேயே நின்றால் பிராசசர், சாக்கெட் பின், அல்லது 8-பின் கேபிள். ஏஏ என்றால் கோளாறே இல்லை, விண்டோஸிடம் பொறுப்பு போய்விட்டது என்று பொருள்; அதைப் பார்த்துப் பிழை என்று எண்ணிப் போர்டைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

மேசையில் ஓடியதும் கேபினெட்டில் ஏற்றுங்கள். போர்டைத் தாங்கும் சிறு தூண்களான ஸ்டாண்ட்ஆஃப்கள் போர்டின் துளைகளுக்கு நேரே மட்டும் இருக்க வேண்டும். துளையில்லாத இடத்தில் ஒன்று நின்றால் அது போர்டின் பின்பக்கத் தடங்களைத் தொட்டு ஷார்ட் ஆகும். எம்.2 ஹீட்சிங்க்கின் அடியில் உள்ள தெர்மல் பேடின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் மூடிவிட்டு, எஸ்எஸ்டி ஏன் கொதிக்கிறது என்று தேடுவது மிகப் பரவலான தவறு. முன்பக்க யூஎஸ்பி 3-இன் தடித்த இணைப்பியை நேராகப் பிடித்துச் செருகுங்கள். சாய்த்து இழுத்தால் அதன் பின்கள் மடங்கும், சில சமயம் சாக்கெட்டே பலகையிலிருந்து பெயர்ந்து வரும்.

படி 10: பயாஸில் முதல் வேலை

எதையும் மாற்றும் முன் இயல்புநிலை அமைப்புகளை ஏற்றிச் சேமியுங்கள். அதிலேயே விண்டோஸை நிறுவுங்கள். புதிய போர்டின் நெட்வொர்க் சில்லுக்கான டிரைவர் விண்டோஸ் நிறுவல் கோப்பில் பெரும்பாலும் இருக்காது, விண்டோஸ் 11 நிறுவலோ இணையம் கேட்கும். வேறு கணினியில் லேன், வைஃபை டிரைவர்களைத் தரவிறக்கி பென்டிரைவில் முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்போவை அல்லது அதற்கு இணையான இன்டெல் முறையான எக்ஸ்எம்பியை அதன் பிறகு இயக்குங்கள். இயக்கியதும் ஏஎம்5-இல் எஸ்ஓசி மின்னழுத்தத்தைப் பாருங்கள், 1.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இன்டெல்லில் மின் வரம்புகளைப் பாருங்கள். விமர்சனத்தில் ஒரு விழுக்காடு முந்துவதற்காக வரம்பையே நீக்கி அனுப்பும் பழக்கம் போர்டு நிறுவனங்களிடம் நெடுநாள் இருந்தது. 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்களின் நிலையின்மைச் சிக்கல் வெடித்த 2024-இல், தன் இயல்புநிலை அமைப்பையே பயன்படுத்தும்படி இன்டெல் வலியுறுத்த வேண்டியிருந்தது. "இன்டெல் டிஃபால்ட்" என்ற தேர்வு இருந்தால் அதை வையுங்கள்.

படி 11: சோதனை

முதலில் ரேம். மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவிலிருந்து நான்கு சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். வேகத்தை ஒரு படி குறைத்து மறுபடி ஓட்டுங்கள். பிழையுள்ள ரேமோடு விண்டோஸைப் பயன்படுத்தினால் கோப்புகள் சத்தமில்லாமல் கெடும்.

அடுத்து, பிராசசருக்கு முழுச் சுமை தரும் ஓசிசிடி அல்லது பிரைம்95 செயலியை அரை மணி நேரம். பக்கத்தில் சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து விஆர்எம் வெப்பத்தையும், அடிப்பக்கம் வரும் டபிள்யூஎச்இஏ (விண்டோஸ் பதிவுசெய்யும் வன்பொருள் பிழை) எண்ணிக்கையையும் பாருங்கள். கணினி முடங்கவில்லை என்றாலும் அந்த எண்ணிக்கை ஏறினால் பிசிஐஇ இணைப்போ பிராசசரோ திணறுகிறது. கார்டை ரைசர் எனப்படும் நீட்டிப்புக் கேபிளில் மாட்டியிருந்தால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக, மூன்றாம் படியில் எழுதிய தாளை எடுங்கள். ஜிபியூ-இசட் செயலியில் கார்டு எத்தனை பாதையில், எந்தத் தலைமுறையில் ஓடுகிறது என்று தெரியும். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த 1.1 என்று காட்டும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்திச் சிறிய சோதனையை ஓட்டினால் உண்மை எண் வரும். 16 வர வேண்டிய இடத்தில் 8 வந்தால், ஏதோ ஒரு எஸ்எஸ்டி தப்பான ஸ்லாட்டில் இருக்கிறது. தாளோடு ஒப்பிட்டு அதை மாற்றுங்கள். திருப்பித் தரும் கெடு முடியும் முன் இந்தச் சோதனைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

பின்னாளில் பயாஸைப் புதுப்பிக்கும்போது இரண்டு விஷயம். சேமித்து வைத்த பயாஸ் ப்ரொஃபைல்கள் புதிய பதிப்பில் பெரும்பாலும் ஏற்றப்படாது, எனவே ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால் புதுப்பிக்கும் முன் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புக் குறியீட்டை வேறு ஒரு சாதனத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் பாதுகாப்புப் பகுதி அழிந்து அந்தக் குறியீடும் கையில் இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளதை யாராலும் திறக்க முடியாது.